தணிகைப் படிகளில் ஒரு மழைக் கணக்கு

திருத்தணி மலைக்கோயிலுக்கு ஏறும் படிகள் 365. ஆண்டின் ஒரு நாளுக்கு ஒரு படி என்பது ஊர் வழக்கு. டிசம்பர் 31 அன்று நடக்கும் படித் திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள், குங்குமம் இட்டு, கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடி அடுத்த படிக்கு நகர்வார்கள். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்த வழக்கம் அது. போன ஆண்டை ஒவ்வொரு நாளாகத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு மேலே போவதுபோல் இருக்கும்.

நீரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இந்த ஊரில் இந்தப் படிகளைவிடப் பெரிய கரும்பலகை கிடையாது என்று நினைக்கிறேன். முதல் படியை ஜனவரி 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். 152-ஆம் படியில் ஜூன் பிறக்கிறது. 274-ஆம் படி அக்டோபர் 1. அங்கிருந்து உச்சி வரையுள்ள 92 படிகள் வடகிழக்குப் பருவமழைக்கு உரியவை. இப்போது ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஓர் ஆண்டு முழுக்கத் தாங்களே அளந்த மழைக் குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் படி நனைந்த படி, எந்தப் படி காய்ந்த படி என்று சொல்லிக்கொண்டே ஏறட்டும். வானிலைத் துறை, 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் அதை ‘மழை நாள்’ என்று கணக்கில் வைக்கும். வடதமிழகத்தின் இந்தப் பக்கத்தில் அப்படிப்பட்ட நாட்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஐம்பது. அதாவது முந்நூறு படிகளுக்கு மேல் காய்ந்த படிகள். முதல் நூற்றைம்பது படி ஏறி மூச்சு வாங்கும்போதுகூட நனைந்த படிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஜூனுக்கு மேல் மாலை இடிமழையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நனைந்த படிகள் வரும். அப்புறம் உச்சியை நெருங்கும்போது அடுத்தடுத்து ஈரம்.

ஐம்பது நாளில் வருவதை 365 நாளும் குடிக்க வேண்டும். நீர்ச் சேமிப்பு என்று பாடப்புத்தகத்தில் பத்து வரி எழுதினாலும் ஏறாத செய்தி இது. ஏறிய காலுக்கு மறக்காது.

இந்தக் கணக்குக்கு மழைமானி வேண்டும். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலைத் தோள்பகுதி வளையத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே வெட்டி, வெட்டிய மேல்பாகத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து உள்ளே செருகினால் புனலும் ஆயிற்று, பாத்திரமும் ஆயிற்று. பாட்டிலின் அடி மேடும் பள்ளமுமாக இருக்கும். அதனால் பக்கத்தில் ஸ்கேலை ஒட்டிப் படித்தால் அளவு தப்பும். சேர்ந்த தண்ணீரை ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்சால் உறிஞ்சி அளப்பதே நல்லது. வாயின் விட்டம் 10 செ.மீ. என்றால் பரப்பு 78.5 சதுர செ.மீ. அதில் 1 மி.மீ. மழை விழுந்தால் 7.85 மில்லி சேரும். காலையில் 40 மில்லி இருந்தால், பெய்தது 5 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். வட்டத்தின் பரப்பளவு எதற்குப் படிக்கிறோம் என்று கேட்கும் பிள்ளைக்கு அன்றைக்கு விடை கிடைத்துவிடும்.

பாட்டிலை மரத்தடியில் வைக்கக் கூடாது. கூரைச் சாரல் படும் இடத்திலும் கூடாது. திறந்த வெளியில், காற்றில் சாயாதபடி செங்கற்களுக்கு நடுவே நிற்க வேண்டும். அளக்கும் நேரம் காலை 8.30. வானிலைத் துறை நாடு முழுக்க அந்த நேரத்தில்தான் முந்தைய 24 மணி நேர மழையைப் பதிவு செய்கிறது. நம் பிள்ளைகளின் அளவை மறுநாள் செய்தித்தாளில் வரும் அளவோடு அருகருகே வைத்துப் பார்க்கலாம். இரண்டும் ஒத்துப்போகாத நாட்கள் வரும். அந்த நாட்களில்தான் நல்ல கேள்விகள் பிறக்கும். மலைக்கு இந்தப் பக்கம் பெய்தது அந்தப் பக்கம் பெய்யவில்லையா? பாட்டில் சாய்ந்ததா? அளக்க மறந்து மத்தியானம் அளந்ததில் வெயில் குடித்துவிட்டதா?

இதில் ஆசிரியர்கள் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். மழை பெய்யாத நாளில் ஏட்டில் ‘0’ எழுத வேண்டும். அளக்காத நாளில் கோடு போட வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. ‘பெய்யவில்லை’ என்பது ஓர் அளவு. ‘பார்க்கவில்லை’ என்பது அளவு இல்லை. விடுமுறை நாளுக்கு உத்தேசமாக ஓர் எண்ணை எழுதி வைக்கும் பழக்கம் வந்துவிட்டால் மொத்த ஏடும் பாழ். மதிப்பெண்ணுக்குப் பயந்து கோட்டின் மேல் சைபர் எழுதுகிற பிள்ளையைத் திட்டாமல், கோட்டை அப்படியே விட்ட பிள்ளையைப் பாராட்டிப் பாருங்கள். அறிவியலின் நேர்மை என்ன என்பது அந்த ஒரு கோட்டில் புரிந்துவிடும்.

மழையை அளப்பது நமக்குப் புதிதல்ல. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்திலேயே மழையளக்கும் பாத்திரம் பற்றிய குறிப்பு இருக்கிறது. கொரியாவில் மன்னர் செஜோங் காலத்தில், 1441-42-இல், ஒரே அளவிலான மழைமானிகளைச் செய்து ஊர் ஊராக அனுப்பினார்கள். நம் பஞ்சாங்கம் இன்றும் இந்த ஆண்டு மழை இத்தனை மரக்கால் என்று சொல்கிறது. உழவர் பேச்சில் வரும் ‘ஒரு உழவு மழை’ இன்னும் நுட்பமானது. வானத்திலிருந்து எவ்வளவு விழுந்தது என்பதை அது சொல்வதில்லை. மண்ணுக்குள் எவ்வளவு இறங்கியது என்பதைச் சொல்கிறது. ஏர் போகும் ஆழத்துக்கு ஈரம் இறங்கினால் ஓர் உழவு மழை. மழை விட்ட மறுநாள் காலை, பிள்ளைகள் மண்வெட்டியால் ஒரு குழி தோண்டி ஈரம் எங்கே முடிகிறது என்று ஸ்கேல் வைத்து அளக்கட்டும். ஏரிக்கரை மணலில் ஒரு குழி, களிமண் வயலில் ஒரு குழி, லாரிகள் ஓடி இறுகிப்போன மைதானத்தில் ஒரு குழி. ஒரே மழைக்கு மூன்று விதமான ஆழம் கிடைக்கும். மைதானத்தில் ஈரம் மேலோடு நின்றுபோயிருக்கும். மிச்ச மழை எங்கே போயிற்று என்று அப்போது கேட்க வேண்டும்.

வீட்டுக் கணக்கும் போடலாம். 600 சதுர அடி மொட்டைமாடியில் 50 மி.மீ. பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 2,800 லிட்டர். குடத்துக்கு 14 லிட்டர் என்றால் இருநூறு குடம். குழாயடியில் ஆறு குடத்துக்கு வரிசையில் நின்ற வீட்டுப் பெண்பிள்ளை இந்த எண்ணைத் தன் கையால் பெருக்கிப் பார்த்தால் அவள் முகம் மாறும். தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. மாடியிலிருந்து குழாய் இறங்குகிற இடத்தில் ஒரு குழி இருக்கும். பல வீடுகளில் அது மண்ணும் குப்பையுமாக அடைந்து கிடக்கும். பள்ளியின் குழியில் ஐந்து குடம் தண்ணீரை ஊற்றி, அது எத்தனை நிமிடத்தில் வற்றுகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்ப்பது ஒரு மத்தியான வேலை. அரை மணி ஆகியும் நின்றால், அந்தக் குழியைத் தோண்டிச் சுத்தம் செய்யச் சொல்லித் தலைமை ஆசிரியருக்கு மனு எழுதுவது மறுநாள் தமிழ் வகுப்பு வேலை.

மலையுச்சிக்கு வருவோம். கோயிலில் கும்பிட்டு வெளியே வந்து நின்று சுற்றிலும் பார்த்தால் ஏரிகள் தெரியும். தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரிகள் கணக்கில் உள்ளன. தொண்டை மண்டலம் அவற்றில் கொழுத்த பகுதி. ஒன்றின் கலங்கல் (உபரிநீர் வழியும் இடம்) வழிந்தால் அது கீழே உள்ள ஏரிக்கு வரத்து. இப்படிக் கோத்த மாலைதான் இந்த நிலம். பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை பக்கத்து ஏரியின் கலங்கலுக்கு அழைத்துப் போய், தண்ணீர் இல்லாத மாதத்தில், உபரிநீர் போகும் கால்வாயின் வழியே அடுத்த ஏரி வரை நடக்கச் சொல்ல வேண்டும். கையில் தாள், பென்சில். நூறு அடிக்கு ஒரு குறிப்பு. எங்கே கால்வாய் அகலம், எங்கே குறுகுகிறது, எங்கே மனைக்கல் நட்டிருக்கிறது, எங்கே கோழிக்கழிவு மூட்டை கிடக்கிறது. மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நின்றால் யாரைக் கேட்பது என்று தெரியாமல் நிற்கிறோமே, அந்த விடை இந்த நடையில் கிடைக்கும். மதகு, மடை, தூம்பு, கலங்கல், வரத்துக்கால் என்ற சொற்களைச் சொல்லித்தர ஊர்ப் பெரியவர் ஒருவர் கூட வந்தால் இன்னும் நல்லது. மடை திறந்து முறைவைத்துப் பாய்ச்சிய நீர்க்கட்டிகளின் பேரன்மார் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

திருத்தணியை ஒட்டி நந்தியாறு ஓடுகிறது. இந்தப் பக்கத்துத் தண்ணீரெல்லாம் கொசஸ்தலையாற்றுப் படுகையைச் சேர்ந்தது. கொசஸ்தலையாறு பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் போய், அங்கிருந்து எண்ணூர் கழிமுகத்தில் கடலைத் தொடுகிறது. பூண்டி 1944-இல் கட்டி முடிக்கப்பட்டது. கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. சென்னை குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு அங்கிருந்து போவது. ஆகவே திருத்தணித் தெருவில் ஒரு பிள்ளை போடும் பிளாஸ்டிக் உறையும், ஒரு சாயப்பட்டறை விடும் தண்ணீரும் யார் வீட்டுக் குழாயை நோக்கிப் போகின்றன என்பது வரைபடத்தில் விரலை வைத்து நகர்த்தினாலே தெரிந்துவிடும்.

‘விநாடிக்கு 500 கன அடி திறப்பு’ என்று செய்தியில் படிக்கிறோம். ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர், அதாவது இரண்டு குடம். 500 கன அடி என்றால் கண்மூடித் திறப்பதற்குள் ஆயிரம் குடம் கடந்து போகிறது. இதையும் கையால் அளக்கலாம். வயல் வாய்க்காலில் 10 மீட்டர் தூரத்துக்கு இரண்டு குச்சி நட்டு, மேல் குச்சியருகே ஓர் எலுமிச்சம்பழத்தை விட வேண்டும். பழம் முக்கால்வாசி மூழ்கி மிதப்பதால் காற்று அதைத் தள்ளாது. நீரின் வேகத்தோடு போகும். 20 விநாடியில் கீழ்க் குச்சியைத் தாண்டினால் வேகம் விநாடிக்கு அரை மீட்டர். வாய்க்கால் 50 செ.மீ. அகலம், 20 செ.மீ. ஆழம் என்றால் விநாடிக்கு 50 லிட்டர். மேல்பரப்பைவிட அடியில் நீர் மெதுவாகப் போகும் என்பதால் 0.85-ஆல் பெருக்கினால் 42 லிட்டர் சொச்சம். ஒன்றரை கன அடி, மூன்று குடம். எலுமிச்சம்பழம் விட்டு அளந்த பிள்ளை, அணை திறப்புச் செய்தியை இனிமேல் வேறு மாதிரி படிப்பாள்.

திருத்தணி 1960 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்ற எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1 முதல் தமிழகத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு மனிதர்களுக்கு, மழைநீர் பழைய பாதையில்தான் வருகிறது. சித்தூர்ப் பக்கம் கிருஷ்ணாபுரம் அணை நிரம்பித் திறந்தால் பள்ளிப்பட்டு தரைப்பாலம் முழுகும். இங்குள்ள வகுப்பறைகளில் தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நாம் ஏரி என்பதை அவர்கள் வீட்டில் ‘செருவு’ என்பார்கள்; அவர்கள் ‘ஏரு’ என்றால் அது ஓடுகிற ஆறு. கிணறு அங்கே ‘பாவி’. இரண்டு மொழியிலும் நீர்ச்சொற்களைத் திரட்டி ஒரு சுவரொட்டி தயாரிக்கச் சொன்னால், ஆற்றின் மேல்பக்கத்து ஊர்களும் கீழ்பக்கத்து ஊர்களும் ஒரே தாளில் வந்து உட்காரும்.

அடுத்தது நிலத்தடி. கண்ணுக்குத் தெரியாததால் இங்கேதான் தவறான நம்பிக்கைகள் அதிகம். பூமிக்கடியில் ஆறு ஓடுகிறது, ஆழம் போகப் போகத் தண்ணீர் என்று பெரியவர்களே நம்புகிறார்கள். இதைச் சோதிக்க ஒரு செங்கல், ஒரு கருங்கல் ஜல்லித் துண்டு, மளிகைக்கடைத் தராசு போதும். காய்ந்த செங்கல்லை எடை போட்டு, ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து மீண்டும் எடை போட்டால் கால் கிலோ, அரை கிலோ கூடியிருக்கும். கருங்கல் அப்படியே இருக்கும். தராசில் முள் நகராது. நாம் நிற்பது கடினப்பாறை நிலம். கல் தண்ணீரைக் குடிக்காது என்றால் கிணற்றில் வருவது எங்கிருந்து? இந்தக் கேள்வியோடு பிள்ளைகளைப் பாதுகாப்பான, கைப்பிடிச் சுவர் உள்ள ஒரு பெரிய கிணற்றுக்கு அழைத்துப் போனால் விடை சுவரிலேயே தெரியும். மேலே மண். அதற்குக் கீழே கையால் உதிர்க்கக்கூடிய சிதைந்த பாறை. அதற்கும் கீழே கெட்டிப் பாறை. அதில் அங்கங்கே வெடிப்பு. வெடிப்பின் வாயில் ஈரம் கசிந்து பாசி படர்ந்திருக்கும். அதுதான் ஊற்றுக்கண்.

சிதைந்த பாறையும் வெடிப்பும் தம் கன அளவில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு தண்ணீரைத்தான் நமக்கு விட்டுக்கொடுக்கும். இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஏக்கர் நிலத்தின் அடியில் நீர்மட்டம் 1 மீட்டர் இறங்கினால், வெளியே வந்த தண்ணீர் சுமார் 81,000 லிட்டர். இனி பம்ப்செட்டுக்குப் போங்கள். 200 லிட்டர் டிரம் ஒன்றைக் குழாய்க்கு அடியில் வைத்து, நிறைய எத்தனை விநாடி என்று பாருங்கள். 40 விநாடி என்றால் விநாடிக்கு 5 லிட்டர், மணிக்கு 18,000. நாலரை மணி நேரத்தில் அந்த ஒரு மீட்டர் காலி. இதே ஒரு மீட்டர் ஏறுவதற்கு 20 மி.மீ. தண்ணீர் உள்ளே இறங்க வேண்டும். கடினப்பாறை நிலத்தில் பெய்வதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே அந்த ஆழத்துக்குப் போய்ச் சேரும் என்பதால் 200 மி.மீ. மழை வேண்டும். மேலே சொன்ன படிகளில், அது ஒரு நல்ல ஐப்பசி முழுவதும் நனைந்த படிகளுக்குச் சமம். ஒரு மாத மழை, ஒரு காலை நேரத்து மோட்டார். இதைத் தாத்தாவிடம் பேரன் டிரம்மும் கடிகாரமும் வைத்து நிரூபித்துக் காட்டும்போது வீட்டில் நடக்கும் பேச்சு, எந்த விழிப்புணர்வுப் பேரணியிலும் நடக்காது.

அதனால்தான் கிணற்று நீர்மட்டத்தை அளக்கும் கயிறு முக்கியம். முடிச்சுக்கு முடிச்சு அரை மீட்டர் வைத்த நைலான் கயிறு, நுனியில் ஒரு கல். மாதம் இரண்டு முறை, 1-ஆம் தேதியும் 16-ஆம் தேதியும், காலையில் மோட்டார் ஓடுவதற்கு முன், கிணற்றுச் சுவரில் பெயின்ட்டால் போட்ட ஒரே குறியிலிருந்து தண்ணீர் வரை எத்தனை முடிச்சு என்று எண்ணி எழுத வேண்டும். கல் நீரைத் தொடும் ஓசை கேட்டதும் கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கை பழக மூன்று தடவை ஆகும். கூடவே ஒரு பெரியவர் நிற்பது கட்டாயம். கிணறு கிடைக்காத பள்ளிக்குச் சரவணப்பொய்கை இருக்கிறது. ஆடிக் கிருத்திகைத் தெப்பம் நடக்கும் அந்தக் குளத்தில், நீருக்கு மேல் தெரியும் படிகளை எண்ணினால் அதுவே அளவுகோல்.

இப்படிக் கயிறு போட்டு அளந்து ஊரையே மாற்றிய நிகழ்ச்சி நமக்கு எட்டாத தூரத்தில் நடக்கவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், இதே சித்தூர் உட்பட அன்றைய ஆந்திராவின் ஏழு வறட்சி மாவட்டங்களில், 2003 முதல் சில ஆண்டுகள், உழவர்களே நடத்திய நிலத்தடி நீர்த் திட்டம் ஒன்று இருந்தது. அறுநூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள். நெதர்லாந்து அரசின் உதவியும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் துணையும் இருந்தன. ஆனால் யாருக்கும் மானியம் கொடுக்கவில்லை; யார் மோட்டாரையும் நிறுத்தவில்லை. கற்றுக்கொடுத்தார்கள், அவ்வளவுதான். ஆண்களும் பெண்களும் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை கிணறுகளில் நீர்மட்டம் அளந்தார்கள். ஊர் மழைமானியைப் படித்தார்கள். அந்த எண்களை எல்லோரும் பார்க்கும் இடத்தில் பலகையில் எழுதினார்கள். மழைக்காலம் முடிந்ததும் ஊர்க் கூட்டம். இந்த ஆண்டு பூமிக்குள் சேர்ந்தது இவ்வளவு, நாம் வைக்க நினைக்கும் பயிர் குடிப்பது இவ்வளவு என்று வரவு செலவு போட்டார்கள். பற்றாக்குறை வந்தால் என்ன பயிர் வைப்பது என்பதை அவரவரே வீட்டுக்குப் போய் முடிவு செய்தார்கள். பல இடங்களில் நெல் குறைந்து, தண்ணீர் கொஞ்சமாகக் கேட்கும் பயிர்கள் கூடின. உலக வங்கியின் 2010 அறிக்கை இதை முன்மாதிரியாக எடுத்துக் காட்டியது. எழுதப் படிக்கத் தெரியாத உழவர்களும் அதில் அளந்தார்கள் என்பதை நினைத்தால், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையால் முடியாது என்று சொல்ல வாய் வராது.

அந்த வரவு செலவை வகுப்பில் புளியங்கொட்டையால் ஆடலாம். ஒரு கொட்டைக்கு ஒரு லட்சம் லிட்டர். ஓர் ஏக்கர் நெல்லுக்கு ஒரு போகத்துக்கு 1,200 மி.மீ. என்றால் 48 கொட்டைக்கு மேல். நிலக்கடலைக்கு 500 மி.மீ., 20 கொட்டை. கரும்புக்கு 2,000 மி.மீ., 80 கொட்டை. இதில் மழை கொடுப்பது ஒரு பங்கு, மீதி கிணறு. திருவாலங்காட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டும் வீட்டுப் பிள்ளையும், கடலை போடும் வீட்டுப் பிள்ளையும் ஒரே குவியலிலிருந்து எடுக்க வேண்டும். குவியல் தீரும்போது என்ன நடக்கிறது என்று ஆசிரியர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தால் போதும். சண்டை வரும், பேரம் வரும், கடைசியில் ஓர் ஒப்பந்தம் வரும். கரும்பு வைப்பவரைக் குற்றவாளியாக்குவது இதன் நோக்கம் அல்ல என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவருக்கும் கடன் இருக்கிறது.

உலகில் பலர் இந்த வழியில் முயன்றிருக்கிறார்கள். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் 1984-இல் தொடங்கிய ‘ப்ராஜெக்ட் வெட்’, நீரை விளையாட்டாகவும் செய்முறையாகவும் கற்பிக்க ஆசிரியர்களைப் பழக்கிப் பல நாடுகளுக்குப் பரவியது. நம் நாட்டில் அதற்கும் முன்பே, 1972-இல், மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் கிராமத்து நடுநிலைப் பள்ளிகள் பதினாறில், பாடத்தை ஒப்பிப்பதற்குப் பதில் செய்து பார்த்துக் கற்கும் அறிவியல் திட்டம் ஒன்று தொடங்கி முப்பது ஆண்டு நடந்தது. 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் பத்து முதல் பதினேழு வயதுப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினையை ஆராய்ந்து கட்டுரை படிக்கிறார்கள். தமிழ்நாட்டில் அறிவியல் இயக்கத்தார் அதை ஊர் ஊராகக் கொண்டுபோயிருக்கிறார்கள். மேடையும் வழியும் தயாராகவே இருக்கின்றன.

தண்ணீரின் தரத்தையும் தொட்டுவிட வேண்டும். கலங்கிய தண்ணீர் இரண்டு டம்ளர். ஒன்றில் தேற்றான்கொட்டையைக் கல்லில் இழைத்துக் கலக்கி வையுங்கள். சேறு துகள் துகளாகத் திரண்டு அடியில் உட்காரும். களிமண் துகள்கள் எதிர்மின் ஏற்றம் பெற்றவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதப்பவை. கொட்டையிலிருந்து கரையும் பொருள்கள் அவற்றை ஒட்டிச் சேர்க்கின்றன. பாட்டி பானையில் தேய்த்ததன் காரணம் அதுதான். தெளிந்த தண்ணீர் நல்ல தண்ணீர் என்று பிள்ளைகள் முடிவு கட்டும்போது, கறுக்கும் குப்பிச் சோதனையைக் காட்ட வேண்டும். 1982-இல் குவாலியர் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மஞ்சா, மௌர்யா, ராவ் மூவரும் உருவாக்கியது. மருந்திட்ட தாள் உள்ள குப்பியில் தண்ணீரை ஊற்றி, வெதுவெதுப்பான இடத்தில் ஒரு நாள், இரண்டு நாள் வைத்தால், மலக்கழிவின் கிருமி இருக்கும் தண்ணீரில் ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகிக் குப்பி கறுத்துவிடும். விலை குறைவு. காய்ச்சி ஆறிய தண்ணீரை ஒரு குப்பியிலும், தேற்றான் தெளிவித்த தண்ணீரை இன்னொன்றிலும் வைத்து, மறுநாள் காலை வகுப்புக்குள் நுழையும்போது இரண்டையும் பார்க்கட்டும். காய்ச்சிக் குடி என்று இனிமேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை. கறுத்த குப்பியைப் பிள்ளைகள் திறக்காமல், பெரியவர்கள் பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றி அப்புறப்படுத்த வேண்டும்.

இதற்கெல்லாம் தனி ஆய்வகமோ பெரிய நிதியோ வேண்டாம். வெட்டிய பாட்டில், சிரிஞ்சு, முடிச்சுக் கயிறு, செங்கல், எலுமிச்சம்பழம், புளியங்கொட்டை. வேண்டியது விடாமல் அளக்கும் ஓர் ஆண்டும், மே மாத விடுமுறையில் பள்ளி பூட்டியிருந்தாலும் பாட்டிலைப் பார்த்துக்கொள்ள ஒரு பிள்ளையும். கோடையில் வெப்ப அளவுச் செய்தியில் திருத்தணியின் பெயர் அடிக்கடி வருகிறதே, அந்த நாட்களில் ஓர் அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து ஆவியாவதை அளந்தால் நாளுக்கு 6, 7 மி.மீ. குறையும். நூறு ஏக்கர் ஏரிக்கு 6 மி.மீ. என்பது ஒரு நாளைக்கு 24 லட்சம் லிட்டர். விடுமுறைக்கு இதைவிட நல்ல வீட்டுப்பாடம் எனக்குத் தெரியவில்லை.

திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டைப் பக்கத்து ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். வருகிற ஜனவரி 1 அன்று உங்கள் பள்ளியில் ஒரு பாட்டிலை நட்டு, ஏட்டின் முதல் பக்கத்தில் முதல் அளவை எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் அது சைபராகத்தான் இருக்கும். அந்த ஆண்டின் டிசம்பர் 31 அன்று, படித் திருவிழாவுக்கு ஊரே ஏறும்போது, பிள்ளைகளும் ஏட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறட்டும்.